பதினைந்தாவது இடம்

அத்தியாயம் பதினேழு

காலை ஒன்பது பத்து. பல் மருத்துவமனையின் முன்மேஜையில் உட்கார்ந்து, கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்ற ஒரு பெரியவருக்கு ரோண்டா நேரம் குறித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது ஃபோன் அடித்தது. தெரியாத எண். கேக் கடையாக இருக்கும் என்று நினைத்து எடுத்தாள்.

கேக் கடை இல்லை. டன்மோர் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் ஜெனரல் மேனேஜராம். கெல்லன் என்று பெயர் சொன்னான். குரலைக் கேட்டால் முப்பது வயது தாண்டியவனாகத் தெரியவில்லை. கல்லூரி அணிக்கு எதற்கு ஜெனரல் மேனேஜர் என்று கேட்காதீர்கள். ஆடுகிற பிள்ளைகளுக்குச் சம்பளம் என்று வந்துவிட்டதல்லவா, யாருக்கு எவ்வளவு என்று பங்கு போட ஒரு ஆள் வேண்டுமே.

இந்த வீட்டில் எட்டு மாதமாக டன்மோரைத் தவிர வேறு பேச்சு கிடையாது என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். போன ஆகஸ்டில் கோச் மெர்ரிக் நேரிலேயே வந்தார். ரோண்டா செய்த கோழி நூடுல்ஸை மசித்த உருளைக்கிழங்கின் மேல் ஊற்றி இரண்டு தட்டு சாப்பிட்டார். பிறகு அவள் கணவன் டுவைட்டின் கையைப் பிடித்து, "எங்க அணியில பதினஞ்சு பேர். பதினஞ்சாவது இடம் உங்க பையன் கோல்பிக்கு" என்றார்.

மறுநாளே கோல்பி, தன்னை அழைத்திருந்த மற்ற நான்கு கல்லூரிகளுக்கும் ஒவ்வொன்றாக ஃபோன் போட்டு, டன்மோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டான். போடச் சொன்னது டுவைட். ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்த பிறகு இன்னொருத்தரைக் காத்திருக்க வைப்பது மனுஷன் செய்கிற வேலையில்லை என்பது அவன் கட்சி.

நவம்பரிலேயே கையெழுத்து ஆகியிருக்க வேண்டியது. சம்பள விதியெல்லாம் மாறப்போகிறது, ஏப்ரல் வரை பொறுத்தால் பையனுக்குக் கூடக் கிடைக்கும் என்றார் கோச். பொறுத்தார்கள். இன்றைக்கு மத்தியானம் இரண்டு மணிக்குப் பள்ளி நூலகத்தில் மேஜை போட்டு, டன்மோர் தொப்பியை வைத்து, ஊர் பார்க்கக் கையெழுத்து. அதற்குத்தான் கேக்.

கெல்லன் சுற்றி வளைக்கவில்லை. அந்த ஒரு நல்ல குணம் அவனிடம் இருந்தது.

"காலேஜ் மாற நினைக்கற ஆட்டக்காரங்க பேரு குடுக்கற போர்ட்டல்ல எங்களுக்கு ஒருத்தர் கிடைச்சிருக்கார் மேடம். இருபத்தி மூணு வயசு. நாலு வருஷம் காலேஜ்ல ஆடினவர். பள்ளிக்கூடத்துல இருந்து வர்ற பையனை வளர்த்தெடுக்க இப்ப யாருக்கும் நேரமில்ல. பதினெட்டு வயசு உடம்பு இருபத்தி மூணு வயசு உடம்போட முட்ட முடியாது."

"என் பையனுக்குப் பத்தொன்பது," என்றாள் ரோண்டா.

அதை ஏன் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. ஆனால் அந்தப் பத்தொன்பது சும்மா வந்ததில்லை. கோல்பி எட்டாவது முடித்ததும், இன்னொரு வருஷம் எட்டாவதிலேயே உட்கார வைத்தார்கள். படிப்பில் குறையென்று இல்லை. ஒரு வருஷம் வளர்ந்துவிட்டு வந்தால் கல்லூரிக்காரர்கள் கண்ணுக்குப் பெரியவனாகத் தெரிவான் என்று இந்தியானாவில் பாதிப் பேர் செய்கிற வேலைதான். பக்கத்து ஊரில் பணம் கட்டிப் படிக்கிற பள்ளியில் சேர்த்தார்கள். கூடப் படித்த பிள்ளைகள் மேலே போனார்கள், இவன் அதே பாடத்தை மறுபடி எழுதினான். அந்த வருஷம் முழுக்க அவன் வீட்டில் அதிகம் பேசவில்லை. கல்லூரிகள் இருபத்து மூன்றைத் தேடப் போகின்றன என்று அப்போது யாருக்குத் தெரியும்?

கெல்லன் ஒரு யோசனையும் சொன்னான். பையன் ஏதாவது சின்னக் கல்லூரியில் இரண்டு வருஷம் ஆடட்டும்; நன்றாக ஆடினால் போர்ட்டல் வழியாக டன்மோரே அவனை எடுத்துக்கொள்ளும். எந்தச் சின்னக் கல்லூரி என்று ரோண்டா கேட்டாள். அது உங்கள் இஷ்டம் மேடம் என்றான். கோச் எங்கே, அவர் ஏன் பேசவில்லை என்று கேட்டாள். கோச் பயணத்தில் இருக்கிறார் என்றான்.

கன்னத்தைப் பொத்தியிருந்த பெரியவர், வலியை மறந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோண்டா கல் குவாரிக்கு ஃபோன் போட்டாள். டுவைட் அறுப்பு இயந்திரத்தில் நிற்பவன். அவனைக் கூப்பிட ஆபீஸ் பெண் வெளியே ஓட வேண்டும். ஆறு நிமிஷம் காத்திருந்தாள். சொன்னாள். அவன் "ம்" என்றான். கேட்கிறதா என்றாள். கேட்கிறது என்றான். வைத்துவிட்டான்.

டாக்டரிடம் அரை நாள் விடுப்புக் கேட்டு வாங்கிக்கொண்டு நேராகக் கேக் வாங்கப் போனாள். இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று நீங்கள் கேட்கலாம். பேட்டன் க்ரீக்கில் மூவாயிரம் பேர். பள்ளி விளையாட்டு அரங்கில் நாலாயிரம் பேர் உட்காரலாம். அப்படிப்பட்ட ஊரில் கோல்பி பிளெட்சோவின் கேக்கை யாரும் எடுக்க வரவில்லை என்றால், பதினோரு மணிக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். பையனுக்குக் கடைசியாகத் தெரியும். கடைப் பெண் பெட்டியைத் திறந்து ஆரஞ்சு எழுத்துகளைக் காட்டி வாழ்த்துச் சொன்னாள். ரோண்டா நன்றி சொன்னாள்.

காரில் ஏறி, கேக்கைப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு, அந்த நான்கு கல்லூரிகளுக்கும் வரிசையாக ஃபோன் போட்டாள்.

முதல் கோச் அந்தக் கல்லூரியிலேயே இல்லை. அவரும் வேறு இடம் மாறிவிட்டார். இரண்டாமவர் மரியாதையாகப் பேசினார். இந்த வருஷம் ஐந்து பேரை எடுத்தோம், ஐந்து பேரும் போர்ட்டலில் இருந்துதான், பள்ளியிலிருந்து ஒருவனைக்கூட எடுக்கவில்லை என்றார். மூன்றாமவர் எடுக்கவில்லை. நான்காவது, முக்கால் மணி நேரத் தூரத்தில் இருக்கும் சின்னக் கல்லூரி. அந்தக் கோச்சுக்குக் கோல்பியைப் பெயர் சொன்னதுமே ஞாபகம் வந்துவிட்டது.

"வரலைன்னு போன் பண்ணிச் சொன்னான் பாருங்க, இருபது வருஷத்துல அப்படிச் சொன்ன பையன் அவன் ஒருத்தன்தான். மத்தவனெல்லாம் பேப்பர்ல பார்த்துத் தெரிஞ்சுக்கோன்னு விட்டுருவான். உங்க பையனை நான் மறக்கவே மாட்டேம்மா."

ரோண்டாவுக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது.

"ஆனா இடம் இல்லைங்க," என்றார் அவர். "பெரிய காலேஜ்ல கழிச்சுக் கட்டினவனெல்லாம் இப்ப எங்ககிட்டதான் வர்றான். வரிசையில நிக்கறான்."

பன்னிரண்டரைக்குப் பள்ளி வாசலில் காரை நிறுத்தி, கோல்பியை வெளியே வரச் சொன்னாள். வெள்ளைச் சட்டை போட்டு, டுவைட்டின் டை கட்டி வந்தான். ஆறடி ஏழு அங்குலத்தை மடக்கிக் காரில் ஏறி, கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததெல்லாம் போயே போய்விட்டது. நடந்ததை அப்படியே சொன்னாள்.

அவன் அழவில்லை. அழுதிருந்தால் கட்டிக்கொண்டிருப்பாள்.

"மூணு வாரமா நான் அனுப்பற மெசேஜுக்கு கோச் கட்டைவிரல் படம் மட்டும்தான் போட்டார்மா," என்றான். "பிசியா இருப்பார்னு நினைச்சேன். போன சனிக்கிழமை புது டீம் பேரு போட்டாங்க. பதினாலு பேரு இருந்துச்சு. எனக்காக ஒண்ணு விட்டு வச்சிருக்காங்கன்னு நினைச்சேன்."

"உள்ள போக வேண்டாம்டா. நான் போய்ச் சொல்லிடறேன்."

"எங்க கிளாஸ் ஏவ்ரியும் இன்னிக்குத்தான் கையெழுத்துப் போடறா. ஓட்டப் பந்தயத்துக்கு. அவ வீட்டுல எல்லாரும் வந்திருக்காங்க. நான் போய் அதைக் கெடுக்கவா?" என்றான். பிறகு, "அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

தெரியும் என்றாள். என்ன சொன்னார் என்று கேட்டான். ஒன்றும் சொல்லவில்லை என்றாள். இருவரும் காரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாட்டு மணி அடித்தது, பிள்ளைகள் வெளியே வந்தார்கள், போனார்கள். கண்ணாடி வழியாகக் கோல்பியைப் பார்த்துக் கை ஆட்டியவர்களுக்கெல்லாம் அவனும் கை ஆட்டினான். வாழ்க்கையில் ஒரு பிள்ளையைக் காப்பாற்ற அம்மாக்களுக்கு எத்தனையோ வழி தெரிந்திருக்கும். ரோண்டாவுக்கு அன்றைக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை.

ஒன்றரைக்கு அக்கா கிளென்னாவின் சிவப்பு வேன் வந்து நின்றது. நூறு மைல் ஓட்டி வந்திருக்கிறாள். கூடவே அவள் மகன் டாசன். நாலு வருஷத்தில் மூன்று கல்லூரி மாறியவன், கிறிஸ்துமஸ் விருந்தில், "இப்ப எந்த ஊர் சட்டைடா போட்டிருக்கே?" என்று எல்லாரும் அவனைக் கிண்டல் செய்வார்கள். கோல்பிக்கு அவன்தான் சின்ன வயதிலிருந்து அண்ணன், கூட்டாளி, பந்து எறியச் சொல்லிக் கொடுத்தவன் எல்லாம்.

ரோண்டா காரை விட்டு இறங்குவதற்குள் கிளென்னா ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"ஒரு வாரமா வாயை மூடி வச்சிருக்கேன்டீ, வயிறே வெடிச்சிரும் போல இருக்கு. நேர்லதான் சொல்லணும்னு இருந்தேன். டாசனை டன்மோர்ல எடுத்துட்டாங்க. உன் புள்ளையும் என் புள்ளையும் ஒரே டீம். நேத்து கையெழுத்துப் போட்டாச்சு. எல்லாம் உன்னாலதான், நீ மட்டும் அந்தக் கோச் நம்பரைக் குடுக்கலேன்னா..."

கோல்பி காரிலிருந்து இறங்கி நின்றான்.

"அம்மா. நீயா குடுத்தே?"

ஆமாம், அவள்தான் கொடுத்தாள். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் டாசன் ஃபோன் போட்டு, சித்தி, அந்த டன்மோர் கோச் எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டான். மூன்று கல்லூரி பார்த்தவன் தன்னிடம் வந்து யோசனை கேட்கிறானே என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. தங்கமான மனுஷன், சொன்னால் சொன்னபடி நிற்பவர், எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார் என்றெல்லாம் அளந்துவிட்டு, அவருடைய சொந்த நம்பரையும் கொடுத்தாள். கோல்பியிடம் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே இடத்தில் சேர்ந்தால் அவனே சந்தோஷப்படுவான் என்று நினைத்தாள்.

"ஆமாண்டா," என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். கோபப்பட்டிருக்கலாம். கத்தியிருக்கலாம். அந்தத் தலையாட்டலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கிளென்னா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ரோண்டா விஷயத்தைச் சொன்னதும் அவள் கன்னமெல்லாம் வெளுத்துவிட்டது. மகன் பக்கம் திரும்பி, இப்பவே அவர்களுக்கு ஃபோன் போடு, வரமாட்டேன் என்று சொல்லு என்றாள். டாசன் கையில் ஃபோனை எடுத்தான். அவனும் ஆடிப்போயிருந்தான். கோல்பியும் கூட வருகிறான் என்றுதான் கோச் அவனிடம் சொல்லியிருக்கிறார்.

"இரு," என்றான் கோல்பி. "நீ வேணாம்னு சொன்னா என்னைக் கூப்பிடுவாங்களா?"

டாசன் கையிலிருந்த ஃபோனையே பார்த்தான்.

"அண்ணா, உன்னைத்தான் கேக்கறேன். என்கிட்ட பொய் சொல்லாத."

"மாட்டாங்கடா," என்றான் டாசன். "எனக்குப் பின்னாடி ரெண்டு பேரு நிக்கறாங்க. ஒருத்தனுக்கு இருபத்தி நாலு. கல்யாணமாகி குழந்தை இருக்கு. நான் போகலேன்னா அவன் வருவான். அவங்க காட்டின லிஸ்ட்ல உன் பேரே இல்லடா."

"எப்ப இருந்து இல்ல?"

"எனக்குத் தெரியாது. நான் பார்க்கும்போதே இல்ல. உன் பேரு வேற லிஸ்ட்ல இருக்கும்னு நினைச்சேன்."

கிளென்னா அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே டாசனைத் திட்டினாள், பிறகு மெர்ரிக்கைத் திட்டினாள், பிறகு கையெழுத்துப் போடும்போது தான் சிரித்துக்கொண்டு போட்டோ எடுத்ததைச் சொல்லித் தன்னையே திட்டிக்கொண்டாள். டாசன் தன் முழங்காலைத் தடவியபடி, தனக்கும் இது ஒரு வருஷத்துக்குத்தான், அடுத்த ஏப்ரலில் தன்னையும் தூக்கி வெளியே போட்டுவிடுவார்கள் என்றான். அவனுக்கு முதல் தடவையாக ஒரு இடத்தில் ஒழுங்கான சம்பளம் கிடைக்கிறது. அதை அவன் சொல்லவில்லை, ஆனால் அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

"அப்ப நீயே போண்ணா," என்றான் கோல்பி. "யாரோ ஒருத்தன் போறதுக்கு நீ போ."

பள்ளித் தலைமையாசிரியை திருமதி ஓட்டிங்கர் கதவுக்கு வெளியே தலையை நீட்டி, இன்னும் பத்து நிமிஷம்தான், டுவைட் வந்தாச்சா என்று கேட்டார். அப்போதுதான் ரோண்டாவுக்கு உறைத்தது. டுவைட் எங்கே? குவாரிக்கு ஃபோன் போட்டாள். காலையிலேயே, பத்து மணிகூட ஆகவில்லை, இயந்திரத்தை நிறுத்திவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாரே என்றாள் ஆபீஸ் பெண். எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

ரோண்டா குவாரி இருக்கும் திசையைப் பார்த்தாள். குவாரியின் பள்ளங்களில் எவ்வளவு ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்று அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். டுவைட் அப்படிப்பட்ட ஆளில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுபடியும் சொல்லிக்கொண்டாள்.

டாசனின் ஃபோன் அடித்தது. டன்மோரிலிருந்து. அவன் ரோண்டாவைப் பார்த்தான், பிறகு எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டான்.

கெல்லன்தான். கொஞ்சம் சங்கடமாகப் பேசினான். இங்கே பயிற்சி அரங்கில் ஒருவர் ஒன்றரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறார். உடம்பெல்லாம் கல் தூசி. கோச் வந்தால்தான் எழுந்திருப்பேன் என்கிறார். வாசல் சுவரில் டாசனின் படத்தை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, இவன் என் மனைவியின் அக்கா மகன் என்று சொல்லியிருக்கிறார்.

"போலீஸைக் கூப்பிட எனக்கு மனசில்ல. உங்க சித்தப்பாவாமே. நீங்க ரெண்டு வார்த்தை பேசி அவரைக் கிளப்பிவிட்டா நல்லாருக்கும்."

உயிரோடு இருக்கிறான். ரோண்டாவுக்கு மூச்சு வந்தது. வந்த கையோடு வெட்கமும் வந்தது. டுவைட் யாரிடமும் போய் நிற்கிறவன் இல்லை. குவாரியில் கை நசுங்கியபோதுகூட முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்காதவன்.

கோல்பி டாசனின் கையிலிருந்து ஃபோனை வாங்கினான்.

"நான் கோல்பி பேசறேன்."

"எந்த கோல்பி?" என்றான் கெல்லன்.

கிளென்னா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அங்க உக்காந்திருக்காரே, அவரோட பையன். போனை அவர்கிட்ட குடுங்க."

அவர் எழுந்து போனால் போதுமென்று கெல்லன் ஃபோனோடு நடந்தான். அவன் நடக்கிற சத்தம் கேட்டது. "சார், உங்களுக்குத்தான், பேசுங்க," என்று மட்டும் அவன் சொன்னது கேட்டது. யார் பேசுகிறார்கள் என்று அவன் சொல்லவில்லை.

"கோச்சா?" என்றான் டுவைட்.

கோல்பி வாயைத் திறந்தான். அதற்குள் டுவைட் பேச ஆரம்பித்துவிட்டான். நிறுத்தினால் மறுபடி தைரியம் வராது என்பதுபோல் வேகமாகப் பேசினான்.

"கோச், உங்க நேரத்தைக் கெடுக்க வரல. இடம் இல்லேன்னா இல்ல, அது உங்க டீமு. தப்பெல்லாம் என்னோடது. அவனை ஒரு வருஷம் நிறுத்தி வச்சது நான். மத்த காலேஜுக்கெல்லாம் போன் போட்டு முடியாதுன்னு சொல்லச் சொன்னதும் நான்தான். பையன் மேல ஒரு குத்தமும் இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். அவன்கிட்ட நீங்களே ஒரு தடவை பேசிடுங்க. மேனேஜர் வேண்டாம். நீங்க. அவன் நல்லா ஆடறவன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு, அப்புறம் இல்லேன்னு சொல்லுங்க. எனக்கு அது போதும். நான் எழுந்து போயிடறேன்."

திருமதி ஓட்டிங்கர் மறுபடியும் வெளியே வந்து, ஏவ்ரியின் வீட்டார் உட்கார்ந்துவிட்டார்கள், வருகிறீர்களா என்று கூப்பிட்டார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கோல்பி ஃபோனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டு வந்தான். டையைத் தளர்த்தினான். தன் குரலை இறக்கி, கோச்சே பேசுகிற மாதிரி சுருக்கமாக, "சரி. பேசறேன்," என்றான்.

அந்தப் பக்கம் அரங்கில் யாரோ பந்து தட்டுகிற சத்தம் கேட்டது.

"ரொம்ப நன்றிங்க," என்றான் டுவைட். நாற்காலியைத் தள்ளி அவன் எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. பேசியது மகன் என்று தெரிந்து சொன்னானா, தெரியாமலே சொன்னானா என்று ரோண்டாவுக்குப் புரியவில்லை.